கல்விக்காகப் பதவி துறந்த அஸீஸ்

ஐந்தாம் படிவத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் கேமரன் மலைத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி எழுவதை நம் அன்பர்கள் அறிவார்கள். பிள்ளை தேறிவிட்டான், இனி என்ன? லயத்து வீடுகளில் மட்டுமன்று, ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர் வீடுகளிலும் இதே கேள்விதான். பள்ளிப் படிப்பு முடிந்தது; பல்கலைக் கழகமோ இன்னும் எட்டவில்லை. நடுவே ஒன்றரை ஆண்டு அல்லது இரண்டாண்டுப் படிப்பு ஒன்று கிடக்கிறது. தனியார் கல்லூரிக்குப் போனால் ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும். மெட்ரிகுலேஷன் வகுப்புக்கு இடம் கிடைப்பது எளிதன்று. எஞ்சியிருப்பது அரசாங்கப் பள்ளியிலேயே நடைபெறும் ஆறாம் படிவம். முன்னாளில் எச்.எஸ்.சி. என்றும், 1982 முதல் எஸ்.டி.பி.எம். என்றும் வழங்கும் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பு அது. 2012 முதல் மூன்று பருவங்களாக நடக்கிறது. கட்டணம் சொற்பம். ஏழைப் பிள்ளைக்கு இதைவிட மலிவான வாசல் வேறில்லை.

ஆயினும் அந்த வாசல் வரை போய்த் திரும்பிவிடும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. கட்டணம் குறைவானாலும் பஸ் செலவு குறைவன்று. புத்தகச் செலவு குறைவன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பதினெட்டு வயதுப் பிள்ளை சம்பளம் ஏதுமின்றி மேலும் ஒன்றரை ஆண்டு வீட்டில் இருப்பதைத் தாங்கும் குடும்பங்கள் எத்தனை? மலை இறங்கி ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ ஏதாவதொரு வேலைக்குப் போய்விட்டால் மாதம் பிறந்தால் காசு வருகிறதே என்று பெற்றோர் எண்ணினால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

பள்ளிக்கும் பல்கலைக் கழகத்துக்கும் நடுவேயுள்ள இந்தப் பள்ளத்தில்தான் ஏழைச் சமுதாயங்களின் கெட்டிக்காரப் பிள்ளைகள் விழுந்து மறைகிறார்கள் என்பதைத் தெளிவாகக் கண்டு, அதை நிரப்புவதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஒருவர் இருந்தார். அவரும் ஒரு தேயிலை நாட்டவரே. இலங்கைத் தமிழ் முஸ்லிம்களிடையே கல்விமான் என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வரும் பெரியார் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் வரலாற்றை இவ்விதழில் வாசகர்களுக்குத் தருகிறோம்.

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் தேதி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தையார் எஸ்.எம். அபூபக்கர் அவர்கள் வழக்கறிஞர்; காஸியாகவும் இருந்தவர். யாழ்ப்பாண முஸ்லிம்கள் தொகையில் சிறியவர்கள். சோனகத் தெருவைச் சுற்றி வாழ்ந்தவர்கள். (1990 அக்டோபரில் அச்சமுதாயம் முழுவதுமே யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட துயரம் தனியே எழுத வேண்டிய கதை.) சிறுவர் அஸீஸ் முதலில் அல்லாப்பிச்சை குர்ஆன் மதரஸாவில் ஓதினார். பின்னர் 1921 முதல் இரண்டாண்டுகள் வைத்தீஸ்வர வித்தியாலயம். அது இராமகிருஷ்ண மிஷனின் பள்ளி. அதன் பின் 1923 முதல் 1929 வரை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி.

இங்கே சற்று நிற்க வேண்டும். மதரஸாவில் குர்ஆன் ஓதிய பிள்ளை, நெற்றியில் நீறணிந்த ஆசிரியர்களிடம் தமிழ் கற்றான். அதனால் அவனுடைய மார்க்கத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை. தமிழோ ஆயுள் முழுவதும் கூட வந்தது. அக்காலத்து இலங்கை முஸ்லிம்களில் பலர், ஆங்கிலப் பள்ளி என்றாலே பாதிரிமார் பள்ளி, பிள்ளை மதம் மாறிவிடுவான் என்று அஞ்சி, வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கண்டியில் வழக்கறிஞராயிருந்த சித்தி லெப்பை அவர்கள் இதை எடுத்துச் சொல்லிப் பத்திரிகை நடத்தினார், பள்ளிகள் கண்டார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த ஒராபி பாஷாவின் ஊக்கமும், கொடைவள்ளல் வாப்பிச்சி மரைக்காரின் உதவியும் சேர 1892 இல் கொழும்பு மருதானையில் ஸாஹிராக் கல்லூரிக்கு வித்தூன்றப்பட்டது. இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அஸீஸின் வாழ்க்கை கடைசியில் அந்தக் கல்லூரிக்குத்தான் வந்து சேரும்.

இந்துக் கல்லூரியிலிருந்து கொழும்பிலிருந்த இலங்கைப் பல்கலைக் கழகக் கல்லூரிக்குச் சென்றார் அஸீஸ். அந்நாளில் இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக் கழகம் கிடையாது. 1921 இல் தோன்றிய அக்கல்லூரியில் படித்து லண்டன் பல்கலைக் கழகத்தின் தேர்வை எழுதவேண்டும். 1933 இல் சரித்திரத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் கிடைத்து மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே நெடுநாள் தங்கவில்லை. சிவில் சர்வீஸ் தேர்வில் தேறியதால் நாடு திரும்பி, 1935 இல் இலங்கை சிவில் சர்வீஸில் சேர்ந்தார். அச்சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவரே. சிவில் சர்வீஸ் என்றால் என்ன என்பதை இன்றைய இளைஞர்களுக்கு விளக்குவது கடினம். மலாயாவில் வெள்ளைக்கார டி.ஓ. என்றால் நம் பாட்டனார்கள் எழுந்து நின்ற காலத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும். அந்த நாற்காலியில் இருபத்து நான்கு வயதில் அமர்ந்தார் ஒரு யாழ்ப்பாணத்து முஸ்லிம் இளைஞர்.

முதற் சில ஆண்டுகள் உத்தியோக வாழ்க்கையாகவே கழிந்தன. மாற்றம் வந்தது 1942 இல். அவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கின. பர்மா வீழ்ந்ததால் அரிசிக் கப்பல் நின்றது. மலாயாவில் நம்மவர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வைத்திருந்த அதே காலம். உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கிழக்கு மாகாணத்துக் கல்முனையில் அவசரக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டது. உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அனுப்பப்பட்டார்.

கல்முனைப் பகுதி முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் நெல்வயல் நாடு. அஸீஸ் அங்கே காடு வெட்டி வயலாக்கும் வேலையை முன்னின்று நடத்தினார். உழவர்களுடன் வரப்பில் நின்று பேசினார். அங்கேதான் அவர் கண்ணில் வேறொன்று பட்டது. நிலம் இருந்தது, உழைப்பு இருந்தது, பிள்ளைகளிடம் அறிவும் இருந்தது, படிப்பு இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் சில வகுப்புகள் படித்தபின் பிள்ளை வயலுக்கோ கடைக்கோ போய்விடுவான். மேலே படிக்கவேண்டுமானால் ஏறத்தாழ 25 மைல் தள்ளியுள்ள மட்டக்களப்பு நகருக்குப் போய், மிஷன் கல்லூரிகளில் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும்; விடுதியில் தங்கவேண்டும். அதையும் கடந்தால் கொழும்பு. 1942 ஜூலையில் இலங்கைப் பல்கலைக் கழகம் பிறந்துவிட்டது. ஆனால் கல்முனை உழவன் மகனுக்கு அது நிலாவைப் போல. தெரியும், எட்டாது.

கல்முனைக்கு அருகேயுள்ள காரைதீவு சுவாமி விபுலாநந்தரின் சொந்த ஊர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் பின்னர் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய அத்துறவி, தம் மாகாணத்து ஏழைப் பிள்ளைகளுக்காக மட்டக்களப்பை அடுத்த கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தைக் கண்டவர். அஸீஸுக்கும் அவருக்கும் ஆழ்ந்த நட்பு உண்டாயிற்று. தம் மக்களுக்கு ஒரு துறவி செய்ததைத் தம் மக்களுக்கு ஓர் உத்தியோகஸ்தர் செய்ய முடியாதா என்று அஸீஸ் எண்ணியிருக்க வேண்டும் என்பது நமது ஊகம். 1942 இலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை அவர் உருவாக்கினார். ஊரார் கூடி, ஊர்ப் பணத்தில், ஊர்ப் பிள்ளைகளில் தேறியவர்களை மேலே படிக்க அனுப்பும் முயற்சி அது.

அந்தச் சிறு முயற்சியே நாடளாவிய ஏற்பாடாக விரிந்தது. 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அஸீஸ் தோற்றுவித்தார். அவர் செய்தவற்றுள் இதுவே தலையாயது என்பது நமது அபிப்பிராயம். முதல் முஸ்லிம் சிவில் அதிகாரி என்ற புகழை எவரேனும் ஒருவர் என்றைக்காவது பெற்றே தீருவார். நிதி அப்படித் தானாக வந்திருக்காது.

அதே 1945 அக்டோபரில்தான் கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக் கழகம் வரை கட்டணமில்லை. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து உபகாரச் சம்பளம் தந்து அவற்றில் சேர்த்தார்கள். ஆசியாவில் அந்நாளில் இதற்கு ஈடான திட்டம் அரிது. அப்படியிருக்க, ஒரு சமுதாய நிதி எதற்கு?

கட்டணம் நீங்கினாலும் செலவு நீங்கவில்லை என்பதே காரணம். சோறு, துணி, புத்தகம், விடுதி, ரயில் கட்டணம் இவற்றையெல்லாம் எந்தச் சட்டமும் இலவசமாக்கவில்லை. எவ்வளவு மேலே படிக்கிறானோ அவ்வளவுக்குப் பிள்ளை வீட்டை விட்டுத் தூரப் போகிறான். அவ்வளவுக்குச் செலவு ஏறுகிறது. கீழ் வகுப்பில் நூறு பேர் இருந்த இடத்தில் மேல் வகுப்பில் இரண்டொருவர் மிஞ்சுவது அறிவுக் குறைவால் அன்று. அஸீஸின் நிதி இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டது. வசதியுள்ளோரிடம் நன்கொடை திரட்டி, உயர் கல்விக்குத் தகுதி பெற்றும் வசதியில்லாத மாணவர்களுக்கு உதவிப் பணம் கொடுத்தது. பள்ளிவாசல் கட்ட அள்ளிக் கொடுக்கும் கைகள், ஒரு பிள்ளையின் புத்தகத்துக்கென்றால் சுருங்கிவிடுவதை நாமும் அறிவோம். அந்தக் கைகளை விரிக்கவைப்பது எளிதான காரியமா?

நிற்க. இலவசக் கல்வி வந்த அந்தத் தேயிலை நாட்டில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அது எட்டவில்லை என்பதை நம் மலைநாட்டு வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நுவரெலியாவிலும் பதுளையிலும் ஹட்டனிலும் கொழுந்தெடுத்த இந்தியத் தமிழர்களின் பிள்ளைகள் தோட்டப் பள்ளிக்கூடத்தோடு நின்றார்கள். தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் ஏற்றது 1970 களில்தான். நமது கதையும் அதற்குத் தூரமில்லை. 1929 இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் திறந்ததும், அதைத் தொடர்ந்து வேறு தோட்டங்கள் கேமரன் மலையில் எழுந்ததும், தமிழ்நாட்டிலிருந்து வந்த கைகளால்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியது. வைத்தார்கள். ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். சில தோட்டங்களில் கிராணியே ஆசிரியர். அதற்கு மேல் என்ன என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சுதந்திரத்துக்குப் பின் இடைநிலைப் பள்ளிக்கு வழி பிறந்தபோதும், தமிழ்ப் பள்ளியிலிருந்து சென்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் பல்லாண்டுக் காலம் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தே முதற் படிவத்துக்குப் போனார்கள். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு ஓராண்டு பெரிதில்லை; பதினெட்டில் வேலைக்குப் போகவேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஓராண்டும் ஆறாம் படிவத்தின் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

இன்று தோட்டங்களில் கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காள தேசத்தவரும் நேபாளத்தவரும். நம் மக்களில் பலர் மலை இறங்கிவிட்டார்கள். எஞ்சியுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று கணக்கெடுப்பது அவரவர் சங்கத்துக்கு முடியாத காரியமன்று.

அஸீஸின் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1948 இல் அவர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். பதின்மூன்றாண்டுச் சேவைக்குப் பின், முப்பத்தாறு வயதில், சிவில் சர்வீஸை விட்டு விலகி ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை ஏற்றார். நாடு அவ்வாண்டு பிப்ரவரியில்தான் சுதந்திரம் பெற்றிருந்தது. வெள்ளைக்காரர் காலி செய்த பெரிய நாற்காலிகளெல்லாம் சுதேசி அதிகாரிகளுக்குக் காத்திருந்தன. இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் அவர் எட்டாத பதவி இருந்திராது. அதை விட்டுப் பள்ளிக்கூட மணிச் சத்தத்துக்குள் போனார். நண்பர்கள் பலருக்கு இது புத்திசாலித்தனமாகப் பட்டிராது. நமக்கும் அது இலேசான தியாகமாகத் தோன்றவில்லை. வீட்டில் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தை விடப் போகிறேன் என்றால் நாம் என்ன சொல்வோம் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

ஸாஹிராவில் அவருக்கு முன் கால் நூற்றாண்டுக்கு மேல் அதிபராயிருந்தவர் டி.பி. ஜாயா அவர்கள். நலிந்துகிடந்த பள்ளியைக் கல்லூரியாக உயர்த்தியவர் அவர். கம்பளை, மாத்தளை, புத்தளம் முதலிய ஊர்களில் ஸாஹிராவின் கிளைகள் தோன்றியதும் அவர் காலத்திலேதான். முதலிரண்டும் தேயிலை மலைகளின் அடிவாரத்து ஊர்கள். ஆகவே அஸீஸ் ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்கவில்லை. ஜாயா அடித்தளம் போட்டார். அஸீஸ் மேல்மாடி கட்டினார் எனலாம்.

அந்த மேல்மாடிதான் சர்வகலாசாலைப் பிரவேச வகுப்பு. கீழ் வகுப்புகளைப் பெருக்கிக் கொண்டே போவது எந்த அதிபருக்கும் இயலும். மேல் வகுப்பு அப்படியன்று. அதற்குப் பட்டம் பெற்ற, பாடத்தில் ஆழ்ந்த ஆசிரியர்கள் வேண்டும். நல்ல நூலகம் வேண்டும். விஞ்ஞானத்துக்குச் சோதனைச்சாலை வேண்டும். இத்தனையும் தேடி வைத்தால் வகுப்பில் இருபது பேர் உட்காருவார்கள். செலவுக் கணக்குப் பார்க்கும் நிர்வாகிக்கு இது நட்டம். ஆனால் அந்த வகுப்பு இல்லாத பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவன் எதை நோக்கிப் படிப்பான்? மேலே படிக்கட்டு தெரிந்தால்தான் கீழே நிற்பவன் ஏற எண்ணுவான். அஸீஸ் தகுதியுள்ள ஆசிரியர்களை மதம் பாராமல் சேர்த்தார். மாணவர்களிலும் முஸ்லிம், தமிழர், சிங்களவர் என மூவரும் இருந்தனர். வடமராட்சியின் கரவெட்டியிலிருந்து வந்து ஸாஹிராவில் பல்கலைக் கழகப் புகுமுகத்துக்குப் படித்த கார்த்திகேசு சிவத்தம்பி, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, தமிழுலகம் போற்றும் பேராசிரியரானார். வைத்தீஸ்வர வித்தியாலயமும் இந்துக் கல்லூரியும் ஒரு முஸ்லிம் சிறுவனுக்குத் தந்ததை, முஸ்லிம் கல்லூரி ஒன்று ஒரு தமிழ் இளைஞனுக்குத் திருப்பித் தந்தது.

1948 முதல் 1961 வரையுள்ள அப்பதின்மூன்று ஆண்டுகளை ஸாஹிராவின் பொற்காலம் என்று பழைய மாணவர்கள் போற்றுவார்கள். நியாயமான பெருமைதான். எனினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கல்முனையில் கண் திறந்த மனிதர், வேலை செய்ததோ கொழும்பில். கிழக்கிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பிள்ளைகள் தலைநகருக்கு வரவேண்டியிருந்தது. வந்தவர்கள் படித்தார்கள், வர முடியாதவர்கள் நின்றார்கள். ஒரு சிறந்த கல்லூரியைக் கட்டுவதா, பல ஊர்ப் பள்ளிகளில் மேல் வகுப்பைத் திறப்பதா என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை முதல் விடையையே தருகிறது. கையிலிருந்த ஆசிரியர்களும் பணமும் அவ்வளவுதான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாவது வேலை தனியொரு கல்லூரியால் ஆகாது; அது அரசாங்கம் செய்யவேண்டியது. கன்னங்கரா தொடங்கிய மத்திய கல்லூரிகள் அந்த வழியில் சென்றன. அஸீஸ் கண்ட உதவி நிதியோ இரண்டுக்கும் நடுவே பாலமாக நின்றது: பள்ளி எங்கிருந்தாலும் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க அதனால் முடிந்தது.

அவருடைய ஏனைய பணிகளைச் சுருங்கச் சொல்லலாம். 1950 இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. இயக்கத்தைத் தோற்றுவித்து ஊர்தோறும் முஸ்லிம் வாலிபர் சங்கங்களை ஒன்றிணைத்தார். 1952 முதல் 1963 வரை செனட் சபை அங்கத்தினராக இருந்தார். தனிச் சிங்களச் சட்டத்தின் காலத்தில், அக்கொள்கையை ஏற்க மாட்டாமல் தாம் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு விலகினார். தமிழே இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி என்பதில் அவருக்கு ஐயமிருந்ததில்லை. சிலர் வேறு மொழிக்குத் தாவ நினைத்தபோதும் அவர் அசையவில்லை. 1963 இல் பொதுச் சேவை ஆணைக்குழுவில் அங்கம் பெற்றார். அவ்வாண்டே வெளிவந்த அவருடைய இலங்கையில் இஸ்லாம் என்னும் தமிழ் நூல் சாகித்தியப் பரிசு பெற்றது. எகிப்து, கிழக்காபிரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று வந்து பயண நூல்களும் எழுதினார். லண்டன் பட்டமும் கேம்பிரிட்ஜ் வாசமும் உடையவர், ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கியிருக்கலாம். இந்நூல்களையெல்லாம் தமிழிலேயே எழுதினார்.

1973 நவம்பர் 24 ஆம் தேதி, 62 ஆம் வயதில் அஸீஸ் அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய நிதியின் வழியைப் பற்றி நம் மலையில் பேசும்போது, இங்கே அது எடுபடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கை எடுத்துப் பார்ப்போம். ஆறாம் படிவத்து மாணவன் ஒருவனுக்கு வேண்டியவை: மூன்று பருவத்துக்கான பாட நூல்கள், ரிங்லெட்டிலோ தோட்டத்திலோ இருந்து பள்ளிக்குப் பஸ் செலவு, அல்லது கீழ்நாட்டுப் பள்ளியாயின் விடுதிச் செலவு, எம்.யு.இ.டி. என்னும் ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தம் செய்ய ஓர் ஆசிரியர், ஏனெனில் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி மலாயில் தொடர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலந்தான் கடைசித் தடை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மாலை வேளைப் போதனை. இவையனைத்தும் ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு மாதத்துக்கு. கேமரன் மலை முழுவதிலும் ஒவ்வோராண்டும் இந்த நிலைக்கு வரும் நம் பிள்ளைகளின் தொகை விரல் விட்டு எண்ணக்கூடியதே. தனித்தனியே ஒவ்வொரு வீட்டுக்கும் பாரமாயிருப்பது, கடைக்காரர்களும் உத்தியோகம் பார்ப்போரும் மலையிறங்கிப் பட்டணத்தில் வசதியாக வாழும் பழைய தோட்டத்துப் பிள்ளைகளும் மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் தாங்கக்கூடியதாகிறது. உதவி பெறுவோரைச் சமயம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்றும் கேட்கப்படும். லயத்தில் அடுத்தடுத்த கதவுக்குள் வாழ்பவர்களைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று நமக்கு விளங்கவில்லை. இந்துக் கல்லூரியின் மாணவராயிருந்த அஸீஸ் என்ன விடை கூறியிருப்பார் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அஸீஸ் காலமாகி மறு வருஷம், 1974 இல், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக் கழக வளாகம் ஒன்று தோன்றியது. பின்னர் அது தனிப் பல்கலைக் கழகமாயிற்று. 1980 இல் அப்பல்கலைக் கழகம் அஸீஸ் அவர்களுக்கு மறைவுக்குப் பிந்திய இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கியது. வண்ணார்பண்ணைக்கும் அதற்கும் நடந்தே போய்விடலாம். 1929 இல் அவர் பள்ளிப் படிப்பை முடித்த நாளில் அங்கே அப்படியொன்றும் இல்லை. கொழும்புக்கு ரயிலேற வேண்டியிருந்தது.